பன்னிரண்டு மணிச் சங்கு

ஆலைச் சங்கு ஊதுகிறவனுக்கு நெஞ்சில் மூச்சு வேண்டாம்; கயிற்றைப் பிடிக்க ஒரு கை இருந்தால் போதும், மிச்சத்தை ஆவி பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவர்களே, ரயிலடியில் தண்டவாளத் துண்டைத் தட்டுகிறவர்களே, கோர்ட்டுக் கச்சேரி வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களே, உங்களுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதிதான். நாம் ஒரு சத்தம் போட்டால் ஊர் எழுந்து போகிறது, இன்னொரு சத்தம் போட்டால் திரும்பி வருகிறது. நாம் மட்டும் சத்தத்துக்கு அடியிலேயே நிற்கிறோம். அப்படி நின்ற காலத்தில் எனக்கு நேர்ந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

குரல் இல்லாத ஆள்

வில்லியனூருக்கு மேற்கே ஒரு கல் தூரத்தில், வயல்களுக்கு நடுவே இருந்தது எங்கள் அரிசி ஆலை. தகரக் கூரை, செங்கல் புகைபோக்கி, உமியைத் தின்று ஆவி கக்குகிற பாய்லர், முன்னால் புழுங்கல் நெல் காயப்போடும் பெரிய களம். சுற்றியிருந்த நெல் வயலிலும் கரும்புத் தோட்டத்திலும் பாதி எங்கள் முதலாளியுடையது. வேலை செய்கிறவர்கள் அவரவர் தோதுப்படி வருவதும் போவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. புதுச்சேரியில் கப்பலிலிருந்து இறங்கிய ஒரு பித்தளை ஊதலை வாங்கி வந்து பாய்லர் தலையில் பொருத்தினார். சுரைக்காய் அளவுதான் இருக்கும். அதைத்தான் எல்லோரும் சங்கு என்றோம். அதிலிருந்து ஒரு கயிறு தொங்கியது. காலையில் ஒரு தரம், நடுப்பகல் பன்னிரண்டுக்கு ஒரு தரம், ஒரு மணிக்கு ஒரு தரம், மாலையில் ஒரு தரம் அதை இழுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

எனக்கு அப்போது இருபது வயது. நாலெழுத்துப் படித்திருந்தேன், கடியாரம் பார்க்கத் தெரியும். முதலாளி என் பேரைக் கேட்டார். சொன்னேன். காதில் விழவில்லை என்றார். இன்னொரு தரம் சொன்னேன். மூன்றாம் தரமும் அவருக்கு எட்டாமல் போகவே, பக்கத்தில் பாய்லருக்கு உமி தள்ளிக்கொண்டிருந்த இஞ்சின் டிரைவர் அந்துவான் எனக்காக உரக்கச் சொன்னார். நான் வந்த வழியே போய்விடத் திரும்பினேன். முதலாளி சிரித்துக்கொண்டே கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சத்தம் போடற வேலைக்கு சத்தம் இல்லாத ஆளுதான் சரி. ஒரே எடத்துல ரெண்டு சத்தம் எனக்கு ஒத்துக்காது."

முதல் ஊதல்

முதன்முதலில் கயிற்றை இழுத்த காலை இன்னும் என் காதுக்குள்ளேயே இருக்கிறது. பனி முழுக்க விலகவில்லை. வயல்களின் மேல் அது பால் ஆடை மாதிரி படிந்து கிடந்தது. நான் இழுத்ததும் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றில் ஒரு நடுக்கம் மட்டும் வந்தது. பிறகு சத்தம் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, அது வெகு நாளாக அங்கேயே இருந்தது, நான் மூடியைத் திறந்துவிட்டேன் என்று சொல்லலாம். வாய்க்கால் ஓரத்துக் கொக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. யாரோ வெள்ளை வேட்டி ஒன்றை வயல்மேல் உதறிப் போட்டது போல அவை காற்றில் நின்றன. நான் கயிற்றை விட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்துவான் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

அரை மணி கழித்து ஒரு குடியானவர் களத்துக்குள் வந்தார். தோளில் நுகத்தடி மட்டும் இருந்தது. ஏரில் பூட்டியிருந்த மாடு இரண்டும் சங்குக்கு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு சுத்துக்கேணி ஊர்ப் பக்கமாக ஓடிவிட்டனவாம். திட்டுவார் என்று ஒடுங்கி நின்றேன். அவர் சங்கையும் பார்த்தார், கயிற்றையும் பார்த்தார், நுகத்தடியைக் கீழே சாய்த்து வைத்துவிட்டு வெகு நிதானமாகக் கேட்டார்:

"போறதுக்கு ஊதினியே தம்பி, வர்றதுக்கு ஒரு தபா ஊதேன். மாடு வரட்டும்."

கொஞ்சம் தள்ளி

ஒரு மாதத்தில் சங்கு ஊருக்குள் குடியேறிவிட்டது. அடுப்பு மூட்டுவது, ஆட்டை அவிழ்ப்பது, சவரம் செய்துகொள்ள உட்காருவது எல்லாம் அதைக் கேட்டுத்தான். நான் தெருவில் நடந்து போனால் ஆட்கள் வெயிலைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள். சின்ன வயதில் கேட்ட கதைகளில் ஒருத்தன் விரலை அசைத்தால் சூரியன் நிற்கும். அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குக் கொஞ்சம் தெரிந்தது.

ஆலைக்கு அடுத்த தெருவிலிருந்து பொன்னம்மாள் என்கிற அம்மாள் ஒருநாள் பதினொன்றே முக்காலுக்கு வேலி ஓரம் வந்து நின்றாள். அவள் புருஷன் முதலாளியின் கரும்புத் தோட்டத்தில் வேலை. அடுப்பில் சோறு இன்னும் கொதிக்கவேயில்லை. ஒரு பத்து நிமிஷம் தள்ளி ஊதக் கூடாதா என்றாள். எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொன்னேன். அதை அவள் நம்பவில்லை. கயிறு என் கையில்தானே இருந்தது! பசியோடு வருகிறவர் பத்து நிமிஷம் பொறுக்க மாட்டாரா என்று கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பசிக்கு வர்ற ஆளா இருந்தா பொறுப்பாரு தம்பி. அந்த மனுசன் இப்பல்லாம் பசிக்கு வர்றதில்ல, ஒன் சங்குக்கு வர்றாரு. சங்கு ஊதியும் சோறு இல்லன்னா பானைய ஒதைக்கிறாரு."

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

எங்கள் பக்கத்து நிலவரம் உங்களுக்குத் தெரியும். ஒரு வரப்பு பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்த வரப்பு இங்கிலீஷ்காரனுடையது. வெல்லம் கொண்டுபோனால் சாவடியில் நிறுத்துவார்கள், துணி கொண்டுபோனால் மூட்டையைப் பிரிப்பார்கள். சத்தத்தை மட்டும் எந்தச் சாவடியும் நிறுத்தவில்லை. நான் ஊதுகிற சங்கு ஆற்று மணலைத் தாண்டி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, சாவகாசமாக இங்கிலீஷ் எல்லைக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்து மிராசுதார் ஒருவர் குடையும் கோபமுமாக ஒருநாள் வந்து சேர்ந்தார். தன் ஆட்களைக் காலையில் கொண்டுவந்து வயலில் இறக்கி, சூரியன் சாய்கிற வரைக்கும் வேலை வாங்குவது அவர் வழக்கம். இப்போது நடுப்பகலில் எங்கள் சங்கு கேட்டதும் அவர்கள் தாமாகவே கரையேறுகிறார்களாம். எங்கள் முதலாளி மோர் கொடுத்து உட்காரவைத்தார். தன் கடியாரம் அடுத்த ராஜ்யத்திலும் செல்லுபடியாவதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். வந்தவர் மோரைத் தொடவில்லை.

"இன்னா நியாயம் இது? ஒங்க பிரெஞ்சு சங்கு ஊதினா எங்க இங்கிலீஷ் ஆளுங்க மம்முட்டியப் போட்டுட்டுக் குந்திடறானுங்க! கேட்டா, 'ஊதிடுச்சே'ங்கிறானுங்க!"

களம்

அந்த மிராசுதாரின் ஆட்களுக்குச் சங்கு ஓய்வைக் கொடுத்தது. எங்கள் களத்துப் பெண்களிடம் அது எடுத்துக்கொண்டது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று.

புழுங்கல் நெல்லைக் களத்தில் கொட்டிப் பரப்பி, அதன் மேலேயே நடந்து காலால் கிண்டிவிடுவார்கள். பதினைந்து இருபது பெண்கள் வரிசையாக நடந்து போனால், மஞ்சள் குளத்தில் அலை எழும்பி எழும்பி அடங்குவது போல இருக்கும். ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடித்தே எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். சங்கு வருவதற்கு முன் நேரமும் அவர்கள் காலடியில்தான் இருந்தது. தன் நிழல் சுருங்கிப் பாதத்துக்குள் வந்ததும் ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு, நெல்லை அடுத்த தரம் கிண்டுவதற்கு வந்துவிடுவாள். அவர்களில் அஞ்சலை என்கிற அக்காவுக்கு வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நாலு மாதக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். நெல் காய்கிற இடைவெளியில் முற்பகலில் ஒரு தரம், நடுப்பகலில் ஒரு தரம், பிற்பகலில் ஒரு தரம் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருவாள். யாரும் கேட்டதில்லை.

சங்கு வந்த பின் களத்தைச் சுற்றி வேலி வந்தது, வேலிக்கு ஒரு படல் வந்தது. சங்குக்குச் சங்குதான் படல் திறக்கும். அஞ்சலைக்கு மிஞ்சியது பன்னிரண்டிலிருந்து ஒன்று வரைக்கும் உள்ள அந்த ஒரு மணி நேரம்தான். களத்திலேயே மூத்தவளான சவரியம்மாள் படலைப் பார்த்துச் சொன்னாள்:

"முன்னெல்லாம் நெல்லு காஞ்சா வூட்டுக்குப் போவோம். இப்ப நாம காஞ்சாத்தான் போவணும் போலகீது."

இரண்டு பத்து மணி

அறுவடை முடிந்து மாசியில் வண்டி வண்டியாக நெல் வந்து இறங்கிய சமயம். முதலாளியின் கடியாரம் ஆபீஸ் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டிச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில். கயிற்றடியில் நின்றால் ஜன்னல் வழியாகக் கடியாரம் எனக்குத் தெரியும். வேறு வேலை இல்லாததால் பகல் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பாய்லரின் வெக்கை, உமிப் புகை, புழுங்கல் வாசனை எல்லாம் சேர்ந்து கண்ணைச் செருகும். முள் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் நாம்தான் நகர்கிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் மணி பத்தரை. முதலாளி பெட்டியைத் திறந்தார். சுட்டுவிரலால் பெரிய முள்ளை மெள்ளப் பின்னுக்குத் தள்ளினார், தூங்குகிற குழந்தையின் தலையைத் திருப்பி வைக்கிற பதனத்தோடு. மணி பத்தாயிற்று. அன்று நான் ஒரே அரை மணியை இரண்டு தரம் வாழ்ந்தேன். கனவு கண்டோமோ என்றுகூட நினைத்தேன். ஆனால் அவருடைய பன்னிரண்டுக்கு நான் சங்கு ஊதியபோது களத்தில் நிழல்கள் கிழக்கே சாய்ந்திருந்தன. பெண்கள் சாப்பிடப் போன பிறகு மறுபடி பெட்டி திறந்தது. முள் அரை மணி முன்னே போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. மாலைச் சங்கு சரியாக ஊதியது. நடுவில் ஒரு மணி நேரச் சோற்று வேளையில் பாதி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே என்னைக் கண்டதும் முதலாளி கொஞ்சமும் பதறவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே பிரியமாகச் சொன்னார்:

"கடியாரம் என்னுது தம்பி. அதுக்குள்ள ஓடற நேரமும் என்னுதுதான்."

படலருகே

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பெண்கள் நிழலைப் பார்த்து முணுமுணுத்தார்கள். ஆனால் கடியாரம் வந்த பிறகு நிழலின் பேச்சு அம்பலம் ஏறாது. நாலாம் நாள் வெயில் உச்சியில் நின்றது. களத்து நெல்லிலிருந்து கானல் எழும்பி எதிரே இருந்த தென்னைகள் எல்லாம் தண்ணீருக்குள் நிற்பது போல ஆடின. அந்தக் கானலுக்குள்ளிருந்து அஞ்சலை படல் பக்கம் நடந்து வந்தாள். கைகளை மார்பின் குறுக்கே இறுக்கிக் கட்டியிருந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. முந்தின இரவு பால் கட்டிக் காய்ச்சல் அடித்ததாகச் சவரியம்மாள் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுவது கேட்டது. அவளுடையதுதானா என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது.

முதலாளி ஜன்னலில் நின்று, "சங்கு ஊதலியே அஞ்சல, மணி இன்னும் பதினொண்ணே முக்கால்தானே" என்றார். நான் கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்தேன். கயிறு வேர்வையில் ஈரமாக இருந்தது. இழுக்கவில்லை. அஞ்சலை முதலாளியைப் பார்த்துப் பேசவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், கோபமே இல்லாமல்:

"ஒங்க கடியாரம் எப்படி வேணா போவட்டும் தம்பி. எனக்கு மாருலயே மணி அடிக்குது. இத யாரு பின்னால தள்றது?"

மாதாகோயில் மணி

கோடை நெருங்கினால் பதினோரு மணிக்கு மேல் காற்று திரும்பும். கடற்காற்று வில்லியனூர் வழியாகத்தான் எங்களிடம் வரும். வரும்போது மாதாகோயில் நடுப்பகல் மணியையும் கொண்டுவரும். மூன்று மூன்றாக அடித்து, கடைசியில் நீளமாக அடித்து ஓயும். அதுவரைக்கும் அது எங்கள் காதில் விழுந்தும் விழாத சத்தம். சவரியம்மாள் மட்டும் அந்த மணிக்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, நடந்துகொண்டே முணுமுணுப்பாள்.

படலருகே நடந்ததற்கு மறுநாள் மணி கேட்டதும் சவரியம்மாள் களத்தின் நடுவில் அப்படியே நின்று, கண்ணை மூடிக் கைகுவித்தாள். அவள் பக்கத்தில் அஞ்சலையும் நின்றாள். பிறகு இன்னொருத்தி. ஒருத்தி நிற்க ஒருத்தி நிற்க, கடைசியில் களம் முழுவதும் நின்றுவிட்டது. இருபது பெண்கள், கீழே நெல், மேலே வெயில், காற்றில் மணி. முதலாளி வெளியே வந்தார். அவரால் மணியை வைய முடியாது. தன் மகளுக்கு விஷ ஜுரம் வந்தபோது அந்த மாதாவுக்குத்தான் மெழுகுவத்தி நேர்ந்துகொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தவர். ஆகவே மாதாவை விட்டுவிட்டு அஞ்சலையைப் பிடித்தார்: "சவரியம்மா நிக்கறா, சரி. நெத்தி நெறையக் குங்குமம் வெச்சிக்கினு நீ இன்னாத்துக்கு நிக்கற?"

"மாதாவும் புள்ள பெத்தவதான மொதலாளி!"

செத்தவர்கள் வரிசை

அன்றிலிருந்து நடுப்பகல் ஜெபம் ஒரு வழக்கமாயிற்று. முதல் நாள் அது மணி ஓய்ந்ததும் முடிந்தது. அடுத்த நாள் சவரியம்மாள் தன் மரித்த மாமனாருக்காகவும் வேண்டிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் மாமனாரின் அண்ணன், அவர் சம்சாரம், காரைக்காலுக்குப் போன இடத்தில் காலமான ஒரு கொழுந்தன். ஒவ்வொரு பேரையும் ராகமாக இழுத்துச் சொல்வாள். மற்றவர்கள் கூடவே முனகுவார்கள். தன் பக்கத்துப் பேர்கள் தீர்ந்ததும், அக்கம்பக்கத்து இந்து வீடுகளில் செத்தவர்களையும் பாரபட்சமில்லாமல் சேர்த்துக்கொண்டாள். என் தாய்மாமன் ஒருவர் பேரைக் கேட்டு நானே ஒருநாள் திடுக்கிட்டேன்.

காரணம் எனக்குக் கயிற்றடியிலிருந்து தெரிந்தது. மணி தொடங்கியதும் அஞ்சலை மட்டும் நெல் வண்டிகள் நுழைகிற சந்து வழியாக வெளியே போய்விடுவாள். அவள் திரும்பி வாய்க்கால் பாலத்தில் கால் வைக்கிற வரைக்கும் சவரியம்மாளிடம் செத்தவர்களுக்குப் பஞ்சம் வராது. அவள் தலை தெரிந்ததும் 'ஆமென்'. குழந்தை நன்றாகக் குடிக்கிற நாளில் ஜெபம் நீளம், தூங்கிவிட்டால் சுருக்கம். எத்தனையோ கதை கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு குழந்தையின் வயிறு நிறைவதற்காக ஊர்ப் பிணங்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்ற கதையை மட்டும் எங்கும் கேட்டதில்லை. பொறுமை இழந்த முதலாளி ஒருநாள் கேட்டேவிட்டார்: "இன்னும் எத்தினி பேரு சவரியம்மா?" அவள் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

"எங்க வம்சத்துல சாவு ஜாஸ்தி மொதலாளி."

மூன்று சின்ன ஊதல்

முதலாளி யோசித்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மணியை நிறுத்த முடியாது. ஆனால் காதில் விழாமல் செய்யலாம். "மணி ஆரம்பிச்சதும் மூணு சின்ன ஊதல் வுடு. விட்டு விட்டு. மணி ஓயற வரைக்கும். கேட்டா, இஞ்சின் சோதனைன்னு சொல்லிக்கலாம். சாப்பாட்டுக்கு நீளமா ஊதறது எப்பவும்போல நம்ம பன்னெண்டுக்கு." நான் "சரிங்க" என்றேன். என் வாயில் எப்போதும் அந்த ஒரு சொல்தான் தடங்கலில்லாமல் வரும். அந்துவான் உமிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். காற்று இன்னும் வரவில்லை. புகைபோக்கியிலிருந்து புகை நேரே எழும்பி, எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. ஆலைச் சத்தம்கூடத் தூரத்தில் எங்கோ கேட்பது போல இருந்தது. மணி கேட்காமல் இந்தப் பெண்கள் நிற்க மாட்டார்கள். நிற்காவிட்டால் ஜெபம் இல்லை. ஜெபம் இல்லாவிட்டால் அஞ்சலை வெளியே போக மாட்டாள். மூன்று சின்ன ஊதலில் இவ்வளவு இருந்தது. பிறகு தென்னை மட்டைகள் கிழக்கிலிருந்து ஒவ்வொன்றாகச் சிலிர்த்துக்கொண்டு வந்தன. முதல் மணி கேட்டது. இழுத்தேன்.

ஒன்று என்று எண்ணிக் கயிற்றை விட வேண்டும். விடவில்லை. கை மரத்துவிட்டதென்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் எதற்கு மறைப்பது, கை நன்றாகத்தான் இருந்தது. ஒரே மூச்சில் நீளமாக, நடுப்பகல் சங்கு எப்படி ஊதுமோ அப்படியே ஊதியது. கொக்குகள் எழும்பின. கரும்புத் தோட்டத்திலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிகள் தரையில் சாய்ந்திருக்க வேண்டும். களத்துப் பெண்கள் படலைத் திறந்துகொண்டு போனார்கள். முதலாளி வேட்டி தடுக்க ஓடி வந்து, "இது சாப்பாட்டுச் சங்கு இல்ல! சோதனை! சோதனை!" என்று கூவினார். எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த அஞ்சலை திரும்பிப் பார்த்தாள்.

"சாப்பாட்டுச் சங்கு, பட்டினிச் சங்குன்னு ரெண்டு கீதா மொதலாளி? எங்க காதுக்கு ஊதினா ஊதினதுதான்!"

ஆவி

சாயங்காலம் முதலாளி என்னிடம் கேட்டார்: "தெரியாம இழுத்தியா, தெரிஞ்சு இழுத்தியா?" "தெரிஞ்சுதாங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் தரமாக நான் சொன்னது அவருக்கு ஒரே தடவையில் கேட்டது. கயிறு என் கையை விட்டுப் போயிற்று. அதை நீளப்படுத்தி, ஜன்னல் வழியாகத் தன் நாற்காலிக்கே இழுத்துக் கட்டிக்கொண்டார். அன்றே படலிலும் வண்டிச் சந்திலும் ஆள் நிறுத்தினார். என்னைப் பாய்லருக்கு உமி சுமக்கப் போட்டார். வேலையை விட்டே அனுப்பியிருப்பார். உமி சுமக்க அந்த வெக்கையில் வேறு ஆள் கிடைக்கவில்லை. உமிக் குவியலுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்ற என்னிடம் அந்துவான் ஒரு கூடையைத் தள்ளினார். "கயிறு போனா போவுதுடா. தீ நம்மகிட்ட கீது" என்றார். ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் மாதாகோயில் மணி அடித்தது. பெண்கள் நின்றார்கள். சந்தில் ஆள் நின்றதால் அஞ்சலையும் அவர்களோடு நின்றாள். முதலாளி தன் பன்னிரண்டுக்காகக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்துவான் கூடையைக் கவிழ்த்து வைத்தார், கையைக் கழுவினார், தூக்குப் பாத்திரத்தைத் திறந்தார், "குந்துடா" என்றார். நான் உமி அள்ளப் போனேன். அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் பழைய சோறு தின்றோம். தீ சிவந்து, கறுத்து, அடங்கியது. பாய்லரில் ஆவியின் அழுத்தம் காட்டுகிற முள் தூக்கக் கலக்கத்தில் தலை கவிழ்வது போலக் கீழே கீழே இறங்கியது. பட்டைகள் தளர்ந்தன, சக்கரம் நின்றது, உள்ளே அரைத்தும் அரைக்காமலுமாக நெல் நின்றது. அரை மணி கழித்து, தன் பன்னிரண்டுக்கு முதலாளி கயிற்றை இழுத்தார். சங்கிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. திண்டில் சாய்ந்திருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்தால் வருமே, அவ்வளவுதான். கொக்குகூட அசையவில்லை. பெண்களுக்கு அந்தப் பெருமூச்சே போதுமாக இருந்தது, போய்விட்டார்கள்.

மூன்று நாள் இதே மாதிரி. நின்ற இஞ்சினை மறுபடி ஓட்டத் தீ மூட்டி ஆவி ஏற்றுவதற்குள் பிற்பகலில் பாதி போய்விடும். அவர் களத்தில் பிடித்த அரை மணியைவிட ஆலையில் விட்டது அதிகம். அந்தப் பாய்லரின் குணம் தெரிந்த இன்னொரு டிரைவர் புதுச்சேரியிலும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் முதலாளி தானே பாய்லரடிக்கு வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆவி எங்கய்யா அந்துவான்?" என்றார். அந்துவான் எழுந்திருக்கவில்லை, வாயிலிருந்த கவளத்தை மென்று விழுங்கிய பிறகுதான் பேசினார்.

"சோத்துக்குப் போயிருக்கு மொதலாளி. மாதாகோயில் மணி அடிச்சாப் போவும், ஒரு மணி நேரம் கழிச்சுத் தானே வந்துடும். அத்த யாரும் புடிச்சு வெக்க முடியாது."

நாலாம் நாள் கண்ணாடிப் பெட்டி திறக்கவில்லை; மணியின் முதல் அடி காற்றில் வந்தபோதே முதலாளி தன் கையால் சங்கை ஊதினார், அஞ்சலை வாய்க்கால் பாலத்தை ஓடிக் கடந்ததை நான் உமிக் குவியலின் மேலிருந்து பார்த்தேன். ஆக, பன்னிரண்டு மணியைப் பன்னிரண்டு மணிக்கே கொண்டுவந்து சேர்க்க எங்கள் ஊரில் ஒரு கைக்குழந்தை, ஒரு மாதா, கணக்கில்லாத செத்தவர்கள், ஒரு டிரைவர் என்று இத்தனை பேர் தேவைப்பட்டார்கள்; கடியாரம் ஒன்றுதான் தேவைப்படவில்லை.